அட்டை சொல்வதும் கால் சொல்வதும்

தென்னேரிப் பக்கமோ காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலோ பட்டுத்தறி ஓடும் வீட்டுக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்து அதிலிருந்து தொங்கும். அதுதான் ஜக்கார்டு. கணினி எப்படிச் சொன்னபடி கேட்கிறது என்று புரிய அந்தத் தறியடியே போதும்.

அட்டைக்கு என்ன வேலை? ஊடை (குறுக்கு இழை) ஒரு தடவை ஓட ஓர் அட்டை. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதன் கொக்கி மேலே போய்ப் பாவு இழையை (நெடுக்கு இழை) தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகிவிடும், இழை கீழேயே கிடக்கும். தூக்கு, விடு. அட்டைக்குத் தெரிந்த மொழி இவ்வளவுதான். கணினியின் 1, 0 என்பதும் இதுவே.

அப்போது நெசவாளரின் கால்? அது சமிக்ஞை (நேரமாயிற்று என்று தெரிவிக்கும் குறி). மிதித்தால் அடுத்த அட்டை வரும். வரப்போவது மயிலா மாங்காயா என்று மிதிக்குத் தெரியாது. எப்போது மிதிப்பார்கள் என்று அட்டைக்கும் தெரியாது. என்ன செய்வது என்பது கட்டளை, எப்போது என்பது சமிக்ஞை.

இது காஞ்சிக்காரர் கண்டதா? இல்லை, பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் உருவாக்கியது. அதற்கு முன்பே இங்கே ‘அடை’ இருந்தது. கோலத்தை நூலிலேயே கட்டிவைத்து, உடன் இருப்பவர் இழுத்துக் கொடுப்பார். ஓட்டை அட்டையை 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். பாவம், அந்தப் பொறி கட்டி முடியவே இல்லை.

சரி, இதனால் உங்களுக்கு என்ன? கால் தவறி இரண்டு முறை மிதித்தால் ஒரு பூவில் ஒரு வரி விடுபடும், அதோடு சரி. அட்டையில் ஓட்டை தப்பாக விழுந்தாலோ, புடவை முழுக்க ஒவ்வொரு பூவும் அதே இடத்தில் கோணும். கைபேசியையும் இப்படிப் பாருங்கள். எப்போதோ ஒருமுறை திகைத்து நின்றால் அணைத்துப் போட்டால் போதும். ஒரே செயலி ஒரே இடத்தில் தினமும் நின்றால் கோளாறு அட்டையில் இருக்கிறது. எத்தனை தடவை அணைத்தாலும் தீராது, செயலியைப் புதுப்பிக்க வேண்டும்.

பணம் அனுப்பும் செயலியில் இன்னும் கவனம் வேண்டும். ‘பணம் வந்திருக்கிறது, அழுத்துங்கள்’ என்று வரும் செய்தி வெறும் சமிக்ஞை, யாரும் அனுப்பலாம். பின் (PIN) எண்ணைப் போடுவதுதான் கட்டளை. பணம் வாங்கப் பின் எண் போடவே தேவையில்லை. வாங்குவதற்கு என்று சொல்லி யாராவது அதைக் கேட்டால் அது உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத்தான்.

தெரியாமல் போட்டுவிட்டால்? உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், பிறகு வங்கிக்கு.