பழைய மின்வழங்கியில் மறைந்திருக்கும் மாற்றங்கள்

வானொலி, ஒலிபெருக்கி முதலியவற்றைப் பழுதுபார்க்கப் பயிலும் இளைஞருக்கு மேசை மின்வழங்கி இன்றியமையாத கருவியாகும். சுவரிலிருந்து வரும் மாறு மின்னோட்டத்தை, வேண்டிய அளவுள்ள நேர் மின்னோட்டமாக அது மாற்றித் தருகிறது. 1972ஆம் ஆண்டு முதல் பாயான் லெப்பாசிலும், 1996இல் திறக்கப்பெற்ற கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் வளர்ந்த மின்னணுத் தொழில், கெடாத் தோட்டப் பிள்ளைகள் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. புதிய கருவி வாங்க இயலாதோர் பழையதை வாங்குவர். ஆனால், முன்பு வைத்திருந்தவர் அதில் என்னென்ன மாற்றங்கள் செய்தார் என்பதைக் கருவி வாய்திறந்து சொல்லாது.

பால்மரத்தின் புதுப்பட்டையில் காணும் முண்டு முடிச்சுகளைக் கொண்டே, முன்பு சீவியவரின் கத்தி ஆழமாகப் பாய்ந்ததை அனுபவசாலிகள் அறிந்து கொள்வர். மின்வழங்கியையும் அவ்வாறே படிக்கலாம்.

முதலில் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின்னும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். 1,000 ஓம், 5 வாட் தடுப்பான் ஒன்றை அவற்றின் இரு முனைகளிலும் ஒரு நிமிடம் இணைத்து வடியவிட்டு, மீட்டர் சுழியம் காட்டிய பிறகே உள்ளே கைவைக்க வேண்டும்.

அடுத்து, கண்ணால் ஆராய்க. தொழிற்சாலை வைத்த ஈயப்பற்று ஒரே சீராக இருக்கும். பின்னர் வைத்தது திரண்டும், அருகில் பிசின் கறை படிந்தும் காணப்படும். பல உறுப்புகளின் மேல் நான்கு இலக்கங்கள் உண்டு. 7832 என்றால் 1978ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்யப்பட்டது என்பது பொருள். சுற்றியுள்ளவை எல்லாம் 1978ஆக இருக்க, ஒன்று மட்டும் 1985 என்றால், அது பின்னர் மாற்றப்பட்டதே. கண்டவற்றை எல்லாம் தாளில் வரைந்து கொள்க.

மூன்று இடங்களைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, மின்மாற்றி. 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அதற்கு முன் 240. வெளிநாட்டுக் கருவி 115 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருந்தால், செருகியவுடன் கருகிவிடும்.

இரண்டு, மின்னோட்ட எல்லை. எளிய அமைப்புகளில், ஒரு சிறு தடுப்பானின் குறுக்கே 0.6 வோல்ட் எழுந்ததும் காப்புச் சுற்று வேலை செய்யும். தடுப்பான் 0.3 ஓம் எனில் எல்லை 2 ஆம்பியர். கூடுதல் மின்னோட்டம் வேண்டி ஒருவர் அதே அளவுள்ள இன்னொன்றைப் பக்கத்தில் இணைத்திருந்தால், எல்லை 4 ஆம்பியராகிவிடும். உள்ளே 36 வோல்ட் இருந்து வெளியே 5 வோல்ட் எடுக்கும்போது, எஞ்சிய 31 வோல்ட்டை டிரான்சிஸ்டரே தாங்க வேண்டும். 31ஐ 4ஆல் பெருக்கினால் 124 வாட் வெப்பம். பெரிதும் பயன்படும் 2என்3055 டிரான்சிஸ்டரோ, நன்கு குளிர்வித்தாலும் 115 வாட்டுக்கு மேல் தாங்காது. அது உள்ளே ஒட்டிப் பழுதானால், 36 வோல்ட்டும் பாய்ந்து, பழுதுபார்க்க வந்த வானொலியையே எரித்துவிடும்.

மூன்று, காப்பு ஏற்பாடுகள். உருகி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி இருக்கலாம், பூமிக்கம்பி வெட்டப்பட்டிருக்கலாம். செருகியின் பெரிய முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே மீட்டர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டவில்லையெனில், உள்ளே கம்பி தளர்ந்து பெட்டியைத் தொடும் நாளில், அதைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து. பழைய வடங்களில் பூமிக்கம்பி பச்சை. புதியவற்றில் பச்சையும் மஞ்சளும் கலந்தது.

மாற்றம் எல்லாமே தவறல்ல; கெட்டுப்போன மின்தேக்கிக்குப் பதிலாக நல்லதை வைத்திருப்பதும் மாற்றமே. ஏன் செய்யப்பட்டது என்பது விளங்கும்வரை எதையும் பிடுங்க வேண்டாம். காப்பைக் குறைத்த மாற்றத்தை மட்டும் தயங்காமல் பழைய நிலைக்குக் கொண்டு வருக. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்கட்டும். வானொலியை இணைக்குமுன், 12 வோல்ட், 21 வாட் கார் விளக்கு ஒன்றை ஏற்றிப் பார்க்கவும், ஏறத்தாழ 1.75 ஆம்பியர் ஓடினால் மீட்டரும் சரியே.

இறுதியாக, தாங்கள் செய்யும் மாற்றத்தைத் தேதியுடன் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டி வைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் பேருதவியாகும்.