முன்னே மலை, கீழே பள்ளம்!

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது உங்களுக்கு இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கும். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை ஊன்றப் போவீர்கள். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கும்! நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். கையில் இருக்கும் பால் கொஞ்சம் சிந்தும். அவ்வளவுதான். ஆனால் பதினைந்து இருபது பேரைச் சுமந்துகொண்டு இறங்கும் ஒரு விமானியை, தரை இருக்கும் இடத்தைப் பற்றி அவருடைய கண்ணே ஏமாற்றிவிட்டால்?

அப்படி ஏமாற்றுவதற்கென்றே அமைந்தது போல் ஓர் இடம் நேபாளத்தில் இருக்கிறது. லுக்லா என்று பெயர். எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறு விமானங்களில் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள்.

அங்கே விமானத் தளம் வந்த கதையே விசித்திரமானது. 1953-ல் டென்சிங்குடன் சிகரம் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, ஷெர்ப்பா மக்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டித்தர விரும்பினார். சாமான்கள் வந்து சேர ஒரு தளம் வேண்டும். சமதரையான வயல்களைக் குடியானவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். (சோறு போடும் நிலத்தை யார்தான் கொடுப்பார்கள்?) கிடைத்தது மலைச்சரிவு. 1964-ல் அதையே வெட்டித் திருத்தினார்கள். மண் இறுகவில்லை. ஹில்லாரி அவர்களுக்கு நாட்டுச் சாராயம் வாங்கிக் கொடுத்து, காலை ஓங்கி மிதித்து ஆடும் அவர்களுடைய நடனத்தை அங்கேயே ஆடச் சொன்னாராம்! ஆடிய ஆட்டத்தில் தரை கெட்டிப்பட்டது. தார் போட்டது 2001-ல்தான்.

ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். ஒரு கோடியில் ஏறக்குறைய 600 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளத்தாக்கு. மறு கோடியில் கற்சுவர், அதன் பின்னே மலை. பாதையோ சமமாக இல்லை. நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் வீதம் மேல்நோக்கி ஏறுகிறது. வந்து இறங்கும் விமானத்தின் வேகத்தைத் தணிக்க இந்த ஏற்றம் பெரிய உபகாரம்தான். ஆனால் இறங்குவதற்கு முன்னால் அதுவே சத்துரு.

எப்படி என்கிறீர்களா? வீட்டிலுள்ள மணைப்பலகையைத் தரையில் போட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். குறுகிய பட்டையாகத் தெரியும். எழுந்து நின்று பார்த்தால் அதே பலகை நீளமாகத் தெரியும். இனி உட்கார்ந்தபடியே பலகையின் மறுகோடியை ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்று பார்ப்பது போலவே நீளமாகத் தோன்றும்!

விமானியின் கண் சமமான பாதைகளில் பழகியது. லுக்லாவின் பாதை தலையைத் தூக்கிக்கொண்டிருப்பதால், "அடடா, ரொம்ப உயரத்தில் வருகிறோமே!" என்று கண் சொல்கிறது. அதை நம்பி இன்னும் கீழே இறக்கினால், எதிரே வருவது ஓடுபாதை அல்ல. அதன் அடியில் இருக்கும் பாறை.

பெரிய நிலையங்களில் இதற்குப் பரிகாரம் உண்டு. பாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நான்கும் சிவப்பானால் மிகவும் தாழ்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். லுக்லாவிலோ, மேகத்துக்குள்ளும் கருவிகளைப் பார்த்தே இறங்கும் வசதி கிடையாது. கண்ணைத்தான் நம்பவேண்டும், அந்தக் கண்ணையும் முழுக்க நம்பக்கூடாது!

2008-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, காட்மாண்டுவிலிருந்து 19 பேருடன் வந்த ஒரு விமானத்தைக் கடைசி நேரத்தில் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. பாதையின் விளிம்புக்குச் சற்று முன்னால் தரையில் மோதித் தீப்பிடித்தது. தலைமை விமானி ஒருவர்தான் பிழைத்தார்.

2017 மே 27-ந் தேதி ஒரு சரக்கு விமானம். அதுவும் தாழ்வாகவே வந்துவிட்டது. மலை நெருங்குவதைக் கண்ட விமானி, யாருமே செய்யக்கூடியதைச் செய்தார்: மூக்கை நிமிர்த்தி மேலே ஏற்றப் பார்த்தார். இறங்குவதற்காகச் சக்கரங்களை நீட்டி, வேகத்தைக் குறைத்திருந்த சமயம் அது. வேகம் போதாமல் மூக்கை மட்டும் தூக்கினால் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்துவிடும். விமானம் பாதைக்கு முன்பே விழுந்தது. இரண்டு விமானிகளும் மாண்டார்கள்.

மற்ற இடங்களில் இறங்க வாய்க்காவிட்டால் மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வரலாம். இங்கே கடைசிக் கட்டத்தில் அதற்கு வழியில்லை. மலை மறித்து நிற்கிறது. திரும்புவதானால் பள்ளத்தாக்கு அகன்றிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். அதனால்தான் குட்டையான ஓடுபாதைகளில் 100 தடவை பறந்து, நேபாள மலைகளில் ஒரு வருஷம் பழகி, பயிற்சியாளருடன் 10 தடவை லுக்லாவில் இறங்கிக் காட்டியவருக்கே அங்கு விமானம் ஓட்ட அனுமதி.

மத்தியானத்துக்குள் காற்றும் மேகமும் எழும்பிவிடும் என்பதால் பெரும்பாலும் காலையில்தான் விமானங்கள் வருகின்றன. மேகம் முந்திக்கொண்டால் அன்றைக்குப் பிரயாணம் இல்லை. மூட்டை முடிச்சுகளுடன் இரண்டு நாள், மூன்று நாள் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. பாதி வழி பறந்து, மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய விமானத்திலிருந்து, "இவ்வளவு தூரம் போய்விட்டு இப்படியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ, அந்த விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவரைத்தான் பிடித்திருக்கிறது.