கரைக்கு வந்த நூலகம்

திருச்செந்தூருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த மீனவர் சிற்றூர் ஆலந்தலை. இவ்வூர் அடங்கிய நெடுங்கரையை முத்துக்குளித்துறை என வழங்குவர். கடல் இக்கரைக்கு முத்தையும் சங்கையும் அளித்தது. இக்கரை தமிழுக்கு அளித்த செல்வமும் ஒன்றுண்டு. அது யாது?

திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் என்னும் ஊர் உள்ளது. போர்த்துகல் நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றவர் அண்டிரிக் அடிகளார். அவர் எழுதிய 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் 1586ஆம் ஆண்டில் அவ்வூரிலே அச்சேறியது. தமிழ் எழுத்தில் முதல் நூல் அச்சாகி எட்டு ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது.

ஆயினும், பிற்காலத்தில் அந்நூலைக் காண விழைந்தோர் புன்னைக்காயலுக்குச் செல்லவில்லை. உரோமாபுரிக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே வத்திக்கான் நூலகம் அதன் படியொன்றைக் காத்து வைத்திருந்தது. தனிநாயகம் அடிகளார் அதனைத் தமிழுலகுக்கு அறிவித்தார். இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் அதனை மீண்டும் பதிப்பித்தார். பிறந்த மண்ணுக்குத் திரும்பி வர அந்நூலுக்கு ஏறத்தாழ 380 ஆண்டுகள் ஆயின!

கறையானும் ஈரக்காற்றும் நூல்களுக்குப் பகை, தீயோ பெரும்பகை. இக்கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவையும் இருந்தன. ஓரிடத்தில் ஒரு படியாக மட்டும் இருக்கும் நூல் என்றும் இடருக்கு உட்பட்டதே என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

இவ்விடரை நீக்கவே அறிஞரும் ஆர்வலரும் இணையத்தின் துணையை நாடினர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழைதிருத்தி, யாவர்க்கும் விலையின்றி வழங்கினர். 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் மின்னூலகம் ஒன்றை நடத்தி வருகின்றது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் காக்கும் 'நூலகம்' என்னும் முயற்சி 2005இல் எழுந்தது. ஆகவே, ஆலந்தலையில் வாழும் மாணவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே இந்நூல்களைக் கற்க இயலும்.

ஆனால், எழுதப்படாததை எந்த நூலகமும் காக்க இயலாது. தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அன்று இளைஞராய் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். முத்துப் பார்களின் பெயர்கள், கச்சான், வாடை, கொண்டல் என்னும் காற்றுகளின் இயல்பு, கரையிலுள்ள கோபுரத்தை அடையாளமாகக் கொண்டு கடலில் இடமறியும் முறை ஆகியவை அவர்தம் நினைவிலேயே தங்கியுள்ளன. அவர் மறைந்தால் அவ்வறிவும் மறையும்.

மாணவர்களே! உங்கள் பாட்டன் பாட்டியரை அணுகிக் கேளுங்கள். அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். ஊரையும் நாளையும் மறவாது குறியுங்கள். அவர் இசைவு பெற்று ஆசிரியர் வாயிலாக மின்னூலகங்களுக்கு அனுப்புங்கள். முத்துத் தானே கரைக்கு வருவதில்லை. மூழ்கி எடுப்பவர் வேண்டும்.