முதல் பாடவேளைக் கொட்டாவி

பத்தாம் வகுப்பில் காலை முதல் பாடவேளையிலேயே தலை தொங்கும் மாணவனை, "ராத்திரியெல்லாம் என்னடா பண்ணினே?" என்று நானும் பலமுறை கடிந்திருக்கிறேன். நாளமில்லாச் சுரப்பிகளைப் பாடமாக நடத்தும் எனக்கே, அதில் மெலடோனினுக்கும் பங்கு உண்டு என்பது அப்போது தோன்றவில்லை.

மூளையின் நடுவே பட்டாணியை விடச் சிறியதாக இருக்கும் பினியல் சுரப்பி, இருட்டிய பின் மெலடோனினைச் சுரக்கிறது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தோலின் நிறத்தை மாற்றும் பொருளை. கிடைத்ததோ 'இரவாகிவிட்டது' என்று உடலுக்குச் சொல்லும் செய்தி. இதைத் தூக்க மருந்து என்று நினைப்பது சரியல்ல.

உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பகல் வெளிச்சமும் கடிகாரமும் இல்லாத தனியறையில் தன்னார்வலர்களைப் பல நாட்கள் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். அங்கும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. இப்படித் தனித்திருப்பவர்களின் 'நாள்' பொதுவாக 24 மணி நேரத்தைத் தாண்டி நீளும். அதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம்தான். விழித்திரையில் உள்ள சில செல்கள், முக்கியமாக நீல ஒளியை உணர்ந்து, ஹைப்போதலாமஸுக்குத் தெரிவிக்கின்றன; அங்கிருந்து பினியலுக்குக் கட்டளை போகிறது. படுக்கையில் கைபேசி பார்த்தால் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போவது இதனால்தான்.

வளரிளம் பருவத்தில் கைபேசி இல்லாவிட்டாலும் அது தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்கு "போய்ப் படு" என்றால் தூக்கம் வராது. விடியற்காலை டியூஷனுக்கு எழுப்பினால் அவன் உடலுக்கு அது இன்னும் இரவு. அந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. எங்கள் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இரவுப்பணி பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான், தலைகீழாக.

மெலடோனின் மாத்திரை கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்டால், மருத்துவரைக் கேளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் கையில் இருப்பது காலை வெளிச்சம். அது கண்ணில் பட்டால் கடிகாரம் சற்று முன்னே நகரும். காலை வழிபாட்டுக் கூட்டத்தைத் திறந்த வெளியில் நடத்த இது போதுமான காரணம். சிறுதேர்வையும் முதல் பாடவேளையிலிருந்து மூன்றாவதற்கு மாற்றிவிட்டேன். கொட்டாவி முழுதாக நிற்கவில்லை. நான் திட்டுவது குறைந்திருக்கிறது.