ப்ராஜெக்ட் தலைப்பு ரத வீதியில இருக்கு

"சமூக ஊடக விளம்பரம் இளைஞர்களிடம் ஏற்படுத்தும் தாக்கம்". எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன் ப்ராஜெக்ட்டுக்கு அடிக்கடி வர்ற தலைப்பு. ஆனா எந்த விளம்பரம், எந்த இளைஞர், தாக்கத்தை எப்படி அளப்பீங்க? கடைசியில நூறு கூகுள் ஃபார்ம்தான் மிஞ்சும்.

பதிலா, சங்கரன்கோவில் ஆடித்தபசை எடுத்துக்கோங்க. கொடியேற்றத்துல இருந்து தபசுக் காட்சி வரைக்கும் ரத வீதிகள்ல வைக்கிற ஃபிளெக்ஸ் பேனர்களை எண்ணுங்க. கடையோடது எத்தனை, கட்சியோடது எத்தனை? அனுமதி எண் அச்சடிச்சிருக்கா? அது இருக்கணும்னு விதி. 2019-ல பள்ளிக்கரணையில பேனர் விழுந்து, பின்னாடி வந்த லாரி ஏறி, ஒரு இளம் இன்ஜினியர் இறந்துபோனாங்க. அதனால இது வெறும் கணக்கு இல்ல.

நல்ல தலைப்புக்கு ஒரே டெஸ்ட்: நாளைக்குக் காலையில எங்க போய் எதை எண்ணப் போறீங்கன்னு சொல்ல முடியணும்.