முதலில் போனவன் பேர் என்ன?

கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்திருக்கீங்களா? பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. துகிலுரிதல் நடக்கும் ராத்திரி திடலில் உட்கார இடம் கிடைக்காது. சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் பைக்கை நேராகக் கூத்துக்கு விடுவார்கள்.

இப்போது ஒரு கேள்வி. தருமன் சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டான். பாஞ்சாலியைச் சபைக்கு அழைத்துவர முதலில் அந்தப்புரம் போனது யார்?

துச்சாதனன்னு சொன்னீங்கன்னா தப்பு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வியாசர் பாரதத்தில் துரியோதனன் முதலில் விதுரனைப் போகச் சொல்கிறான். விதுரன் மறுத்துவிடுகிறார். அடுத்து அனுப்பப்படுபவன் சபையில் நின்ற ஒரு சின்ன ஊழியன். அவனைப் 'பிராதிகாமி' என்கிறது மூலநூல்.

இது பேரா, பதவியா? சமஸ்கிருதத்தில் 'பிரதிகாமம்' என்றால் 'விருப்பத்துக்கு ஏற்றபடி'. பிராதிகாமி என்றால் எஜமான் விரும்பியபடி ஓடி வேலை செய்கிறவன், அதாவது ஏவலாள், தூதன். நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால் பியூன். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் என்னவென்று அந்தக் காட்சியில் சொல்லவே இல்லை. ஒரு லட்சம் சுலோகம் என்று சொல்லப்படும் நூலில் அந்த ஒரு பேருக்கு இடமில்லாமல் போய்விட்டது. பாரதியாரும் 'பாஞ்சாலி சபத'த்தில் அவனைத் தேர்ப்பாகன் என்றுதான் அழைக்கிறார். அதுவும் வேலையின் பேர்தான்.

ஆனால் அவன் செய்ததைப் பாருங்க. பாஞ்சாலி அவனிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்புகிறாள்: என் கணவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? பாரதத்தின் மிகப் பெரிய சட்டக் கேள்வி இதுதான். அதை முதன்முதலில் சபை நடுவில் எழுப்பியது பீஷ்மரும் இல்லை, துரோணரும் இல்லை, இந்தப் பேரில்லாத ஊழியன். பதில் வரவில்லை. மறுபடியும் போய் அவளைக் கூட்டி வா என்று துரியோதனன் அதட்டும்போது, அவன் கிளம்பாமல் சபையைப் பார்த்து "நான் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?" என்ற பொருளில் கேட்கிறான். இவன் பீமனுக்குப் பயப்படுகிறான் என்று கேலி செய்துவிட்டு, அதற்கப்புறம்தான் துரியோதனன் துச்சாதனனை அனுப்புகிறான். 'விரும்பியபடி செய்கிறவன்' என்று பேர் வாங்கியவன், ஒரு நிமிஷம் அப்படிச் செய்யாமல் நின்றான்.

பழைய நூல்களில் வரும் அரசவைச் சின்ன ஆட்களின் பேர்களைக் கவனித்தால், பெரும்பாலும் மூணு வழியில் வந்திருப்பது தெரியும்.

முதல் வழி, வேலையே பேராவது. பிராதிகாமி இந்த வகை. கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் வந்து கட்டியம் கூறும் கட்டியக்காரனும் இதே வகைதான். விடிய விடிய நம்மைச் சிரிக்க வைப்பவன் அவன். துரியோதனன் முகத்துக்கு நேரா நக்கல் அடிக்கிற உரிமையும் அவனுக்கு மட்டும்தான் உண்டு. ஆனா அவன் கதாபாத்திரத்துக்குத் தனிப் பேர் கிடையாது.

இரண்டாவது வழி, எதிர்பார்ப்பே பேராவது. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் தசரதனின் எட்டு அமைச்சர்கள் பட்டியல் வருகிறது. அதில் ஜயந்தன், விஜயன் இருவர் பேரிலும் வெற்றி இருக்கிறது. சித்தார்த்தன் என்றால் நினைத்தது கைகூடியவன், அர்த்தசாதகன் என்றால் காரியத்தை முடிப்பவன், மந்திரபாலன் என்றால் ஆலோசனையைக் காப்பவன். கடைசியில் வரும் சுமந்திரன், நல்ல ஆலோசனை உடையவன். இதெல்லாம் பேர் மாதிரி இல்லை, வேலைக்கு ஆள் தேவை விளம்பரத்தில் வரும் தகுதிப் பட்டியல் மாதிரி இருக்கு இல்லையா? எட்டுப் பேரில் நமக்குப் பழக்கமான முகம் சுமந்திரன் மட்டும்தான். காரணம், ராமனைக் காட்டுக்குத் தேரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெறும் தேரோடு திரும்பியவர் அவர். மற்றவர்களின் பேர் மட்டும் மிஞ்சியது.

மூணாவது வழி, மொழி மாறும்போது பேரும் மாறுவது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்ற அரசன் நாட்டை அமைச்சனிடம் ஒப்படைக்கிறான். அமைச்சன் அரசனையே கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அரசி மயிற்பொறியில் ஏறித் தப்பிக்கிறாள். (ஏரோ டிபார்ட்மென்ட் நண்பர்கள் கவனிக்க.) அந்த அமைச்சன் பேர் கட்டியங்காரன். கூத்துக் கட்டியக்காரனுக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. இதே கதையைச் சொல்லும் சமஸ்கிருத நூல்களில் இவன் பேர் காஷ்டாங்காரன். காஷ்டம் என்றால் விறகு, அங்காரம் என்றால் கரி, தணல். தமிழ் நாக்கில் புரண்டு வந்தபோது விறகுக்கரி கட்டியங்காரன் ஆகிவிட்டது.

பேர் போய் வேலை மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பாரதத்திலேயே ஒரு முழுப் பர்வம் இருக்கிறது. விராட பர்வத்தில் பாண்டவர்கள் தங்கள் பேரை மறைத்துக்கொண்டு, ஒரு வருஷம் அரண்மனைச் சிப்பந்திகளாக இருக்கிறார்கள். மாடு பார்க்கப் போன சகாதேவன் பேர் தந்திபாலன். தந்தி என்றால் கன்று கட்டும் கயிறு. சைரந்திரி என்பது அரசிக்கு அலங்காரம் செய்யும் பணிப்பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல். பாஞ்சாலி வைத்துக்கொண்டது அதைத்தான்.

சைரந்திரியாக இருந்தவளைக் கீசகன் சபையிலேயே உதைத்தான். கங்கன் என்ற பேரில் இருந்த தருமன் முகத்தில் விராடன் பகடைக் காயை வீசி ரத்தம் வர வைத்தான். அடித்தவர்களுக்கு எதிரில் இருந்தது பாஞ்சாலி என்றோ தருமன் என்றோ தெரியாது. வேலைக்காரிதானே, சூதாடக் கூட இருக்கிற ஆள்தானே என்ற நினைப்பு. பேர் தெரிந்திருந்தால் அந்தக் கை ஓங்கியிருக்குமா?

இதெல்லாம் பழங்கதைன்னு விடமுடியாது. நம்ம எல்லைப் பகுதியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஊர் நிலக் கணக்கு எழுதியவரைத் தமிழ் பேசுகிறவர்கள் கணக்குப்பிள்ளை என்றார்கள். தெலுங்கில் கர்ணம், அது 'கரணம்' என்ற பழைய கணக்குச் சொல்லிலிருந்து வந்தது. சோழர் கல்வெட்டுகளிலும் ஊர்க் கணக்கன் 'கரணத்தான்'தான். கன்னடத்தில் சானபோகர், அது கன்னடக் கல்வெட்டுகளில் வரும் 'சேனபோவ' என்ற சொல்லின் மறுவடிவம். ஒரே நோட்டு, ஒரே வேலை, மூணு மொழியில் மூணு பேர். 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அப்புறம்தான் விஏஓ வந்தார். பதவி போனாலும் 'கர்ணம் வீடு' என்ற அடையாளம் ஊர்களில் இன்னும் இருக்கிறது.

அப்போ சின்ன ஆளின் சொந்தப் பேர் எங்கேயும் தங்கவில்லையா? தங்கியிருக்கிறது, அதுவும் நம்ம மாவட்டத்திலேயே. விராட பர்வத்தின் உச்சக்கட்டம் மாடு மீட்கும் சண்டை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து நடுகற்கள் பலவும் அதே சண்டையைத்தான் சொல்கின்றன. எழுத்துள்ள கல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்கும்போது செத்தான் என்று இருக்கும். கூடவே அவன் பேரும் இருக்கும். அவன் அரசன் இல்லை, அமைச்சன் இல்லை. காவியம் செய்யாததைச் செத்தவனின் ஊர்க்காரர்கள் ஒரு உளியை வைத்துச் செய்துவிட்டார்கள்.

போன செமஸ்டர் லீவில் நான் ஒரு கம்பெனிக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் போனேன். ஷாப் ஃப்ளோரில் எல்லாரும் "ஹெல்பர், இங்க வா" என்று கூப்பிட்ட ஒரு அண்ணன்தான், மெஷினில் எங்கே கை வைக்கக் கூடாது என்று எனக்கு முதல் நாளே காட்டிக் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் நன்றி எழுத உட்கார்ந்தேன். மேனேஜர் பேர் தெரியும், ஹெச்ஆர் பேர் தெரியும். அவர் பேர் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. கடைசியில் 'ஹெல்பர்' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த லீவில் நீங்கள் ட்ரெயினிங் போகும்போது முதல் நாளே கேட்டுவிடுங்க: "அண்ணா, உங்க பேர் என்ன?"