பூச்சி மாத்திரையும் தாய்ப்பாலும்

புதுச்சேரியின் கதிர்காமத்தைச் சுற்றி மருத்துவத்துக்குக் குறைவில்லை. இங்கேயே இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து இந்திரா நகரில் கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராயும் மத்திய அரசின் மையம், 1975-ல் தொடங்கியது. கோரிமேட்டில் ஜிப்மர். எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர், குழந்தைகளுக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை. இத்தனை இருந்தும் ஒரு பயம் மட்டும் வீடுகளை விட்டுப் போகவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு டாக்டர் பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தால், "பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். மாத்திரை அப்படியே அலமாரிக்குப் போகும். அல்லது பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டுப் பவுடர் டப்பா வாங்குவார்கள்.

பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே தேவையில்லை. குடற்புழு, சொறி, அமீபா வயிற்றுப்போக்கு போன்ற ஒட்டுண்ணி நோய்களுக்குத் தரப்படும் மருந்துகளில் பல, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவை. சிலவற்றுக்கு மட்டும் கவனம் வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் போதும்.

கர்ப்பிணிக்குச் சொன்னது தாய்க்கும் ஆகுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. புதுச்சேரி நெடுங்காலம் யானைக்கால் நோயோடு போராடிய ஊர். சாக்கடை நீரில் பெருகும் கியூலக்ஸ் கொசு இந்த நோயைப் பரப்புகிறது. நோயை உண்டாக்கும் நுண்புழுக்கள் இரவில்தான் வெளி ரத்தத்தில் நடமாடும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். 1981 முதல் 1985 வரை இந்திரா நகர் மையம் நகரத்தின் சாக்கடைகளையும் நீர் தேங்கும் இடங்களையும் சீர்படுத்தி நடத்திய கொசு ஒழிப்புத் திட்டம், இந்தியப் பொது சுகாதார வரலாற்றில் பேசப்படும் ஒன்று. பிறகு 2004-ல், நோய் இருந்த மாவட்டங்களில் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மாத்திரை தரும் இயக்கம் நாடு முழுக்கத் தொடங்கியது. முதலில் டிஇசி என்ற மருந்து மட்டும். பின்னர் அதோடு அல்பெண்டசோலும் சேர்ந்தது.

அப்போது மாத்திரை தரக்கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் சொன்னார்கள்: கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கடுமையான நோயில் இருப்பவர்கள். பால் கொடுக்கும் தாய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வீட்டுப் பேச்சில் கர்ப்பிணியும் பிள்ளை பெற்றவளும் ஒன்றாகிவிட்டார்கள். தவிர, இரண்டு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று கேட்டவர்கள், பால் வழியாகவும் போய்விடுமே என்று நினைத்ததில் வியப்பில்லை. 2018-ல் சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்று மருந்தாகத் தரத் தொடங்கியபோதுதான், பிரசவமான முதல் வாரத்தில் இருக்கும் தாய்க்கு மட்டும் ஐவர்மெக்டின் வேண்டாம் என்ற விதி வந்தது. முதல் வாரம் மட்டும் என்பதைக் கவனியுங்கள். பால் கொடுக்கும் காலம் முழுவதற்குமான தடையாக அதை யாரும் சொல்லவில்லை.

கருவில் இருக்கும் குழந்தைக்கு மருந்து தொப்புள்கொடி வழியாக நேரே ரத்தத்துக்குப் போகிறது. பால் குடிக்கும் குழந்தைக்கு வழி நீளம். தாய் விழுங்கிய மாத்திரை முதலில் அவள் குடலிலிருந்து ரத்தத்தில் ஏற வேண்டும். அதில் ஒரு பகுதிதான் பாலுக்கு வரும். வந்தது குழந்தையின் வயிற்றில் இறங்கி மறுபடி ஒருமுறை ரத்தத்தில் ஏற வேண்டும். குடலைத் தாண்டவே தாண்டாத மருந்து என்றால் முதல் படியிலேயே கதை முடிந்தது. எடைக்கு எடை கணக்கிட்டு, தாய் எடுக்கும் அளவில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவே குழந்தைக்குப் போனால் பொதுவாகக் கவலையில்லை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். குழந்தையின் வயதும் முக்கியம். பிறந்து சில நாளே ஆனது, குறைமாதத்தில் பிறந்தது, மஞ்சள் காமாலை இருப்பது ஆகியவற்றின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றத் தடுமாறும். ஆறு மாதக் குழந்தைக்கு அந்தச் சிரமம் குறைவு.

ஒரே ஒரு அல்பெண்டசோல்

பூச்சி மாத்திரை என்றால் இங்கே பெரும்பாலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம்தான். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என ஆண்டுக்கு இரு முறை தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குத் தருவதும் இதையே. ஒரு வயது முடிந்த குழந்தைக்கே பாதி மாத்திரை நேரடியாகக் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் நினைவில் வையுங்கள்.

இந்த மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் கொஞ்சமே ஏறும். 400 மில்லிகிராம் ஒரு வேளை எடுத்த 33 தாய்மார்களின் பாலைச் சோதித்த ஆய்வு 2009-ல் வெளியானது. பாலில் கண்ட அளவு மிகக் குறைவு; குழந்தைக்குத் தீங்கு செய்யும் அளவில்லை என்பதே அதன் முடிவு. மெபெண்டசோலும் பைரண்டெலும் இதே போலக் குடலோடு நின்றுவிடுபவை. ஆகவே கொக்கிப்புழுவுக்கோ கீரிப்பூச்சிக்கோ ஒரு வேளை மாத்திரை போட, பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டியதில்லை. ஒரு சின்ன விஷயம்: நெய், எண்ணெய் மிகுந்த சாப்பாட்டோடு போட்டால் அல்பெண்டசோல் ஐந்து மடங்கு வரை கூடுதலாக ரத்தத்தில் ஏறும். குடலில் இருக்கும் புழுவுக்கு அது தேவையில்லை. லேசான சாப்பாட்டோடு மென்று விழுங்கினால் போதும்.

மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டால் என்ன நட்டம்? ஒரு கொக்கிப்புழு ஒரு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தம் உறிஞ்சும். வயிற்றில் ஐம்பது நூறு இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் இழந்து, ராத்திரி தூக்கமும் இல்லாமல் பால் கொடுப்பவளுக்கு, பிரசவத்துக்குப் பின் 180 நாள் போடச் சொல்லித் தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒரு பக்கம் ரத்தத்தை ஏற்ற, புழு மறுபக்கம் இறக்கிக்கொண்டே இருக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பால் கொடுக்கும் மாதங்களில் பலருக்கு மாதவிலக்கு வராது. வரவில்லை என்பதால் கர்ப்பம் தரிக்கவில்லை என்று ஆகிவிடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அல்பெண்டசோல் கூடாது. சந்தேகம் இருந்தால் மாத்திரைக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவதே சரி. இரண்டாவது, மூளையில் நாடாப்புழுக் கட்டி வந்து வலிப்புக்காக இதே மருந்தை வாரக்கணக்கில், கொழுப்புள்ள உணவோடு, வேறு மருந்துகளுடன் எடுப்பது முற்றிலும் வேறு கதை. அதில் தாயின் ரத்த அணுக்களையும் ஈரலையும் பரிசோதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பால் பற்றிய முடிவையும் அந்த மருத்துவரே எடுக்க வேண்டும்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது மருந்துக்கடைக் கவுன்ட்டர். "வயிறு சரியில்லை, பேதியாகுது" என்றதும் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி நாலு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். நறுக்கிய துண்டில் பெயர் ஒரு பக்கம் போயிருக்கும், தேதி மறுபக்கம். அந்த மாத்திரை பெரும்பாலும் ஒரு மருந்தாக இருக்காது. ஓஃப்லாக்சசினோடு ஆர்னிடசோல், நார்ஃப்லாக்சசினோடு டினிடசோல் என இரண்டு சேர்ந்தே வரும். பூச்சி மாத்திரையிலும் அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் சேர்ந்த வகைகள் கடைகளில் ஏராளம். வாங்குபவருக்கு இரண்டுமே வெறும் பூச்சி மாத்திரைதான்.

பால் கொடுப்பவளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் முதலில் தரும் மெட்ரோனிடசோல், தாயின் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கே பாலிலும் இருக்கும். அப்படியும், வழக்கமான 400 மில்லிகிராம் வேளைகளாக எடுக்கும்போது குழந்தையைக் கவனித்துக்கொண்டே பால் கொடுக்கலாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் கைக்குழந்தைக்கே தரும் மருந்து அது. ஒரே வேளையில் 2 கிராம் போடச் சொன்னால் மட்டும், 12 முதல் 24 மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபடி கொடுக்கச் சொல்வது வழக்கம். டினிடசோல் உடம்பில் இன்னும் நீண்ட நேரம் தங்கும். அதன் குறிப்பேடு, கடைசி வேளைக்குப் பின் மூன்று நாள் வரை பால் வேண்டாம் என்கிறது. ஆர்னிடசோலைப் பற்றிப் பாலூட்டும் தாய்மாரிடம் கிடைத்த தகவல் மிகக் குறைவு. அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் போதும் என்கிறபோது, கடைக்காரர் நீட்டும் கூட்டு மாத்திரையை விழுங்கி மூன்று நாள் பாலை இழப்பானேன்?

அதைவிடப் பெரிய விஷயம், பேதி என்றதும் அமீபா என்று ஆகிவிடாது. பெரும்பாலான பேதிக்கு ஓஆர்எஸ் கரைசலே மருந்து. ரத்தமோ சளியோ போனால், காய்ச்சல் இருந்தால், மலத்தைச் சோதித்துவிட்டு மருந்து எடுப்பதே முறை. அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து.

கவுன்ட்டரில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "அண்ணே, நான் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். பிள்ளைக்கு இத்தனை மாசம்." டாக்டரிடமும் இதையே முதலில் சொல்லுங்கள். ஆண் டாக்டர் என்று கூச்சப்பட்டுச் சொல்லாமல் வருபவர்கள் உண்டு. சொல்லாவிட்டால், எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்?

சொறி, சிரங்கு

ராத்திரியில் அரிப்பு அதிகம், விரல் இடுக்கில் சிறு கொப்புளங்கள், வீட்டில் இன்னும் இருவருக்கு அதே அரிப்பு. இப்படி இருந்தால் பெரும்பாலும் சொறிப்பூச்சிதான். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு தோல் வழியாக ரத்தத்தில் ஏறுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. பால் கொடுப்பவளுக்கு இதுவே முதல் தேர்வு. கழுத்திலிருந்து பாதம் வரை, நக இடுக்கு உட்பட, ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. மார்பில் பூசியிருந்தால் பால் கொடுக்கும் முன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கொடுத்த பிறகு மீண்டும் பூசிக்கொள்ளலாம். பிள்ளை அம்மாவின் கையை வாயில் வைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசாவிட்டால் பலன் இல்லை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு என்ன பூசுவது என்று மருத்துவரைக் கேளுங்கள். காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்று பழைய லோஷன் ஒன்று இருந்தது. நரம்பைப் பாதிக்கும். அது வேண்டாம்.

மாத்திரையாக ஐவர்மெக்டின் தந்தாலும் பாலுக்கு வருவது மிகக் குறைவே. பிரசவமாகி ஒரு வாரம் கடந்துவிட்டதா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மலேரியா வந்தால்

குளோரோகுவினுக்குப் பயமில்லை. வைவாக்ஸ் வகை மலேரியாவில் ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு 14 நாள் தரும் பிரைமாகுவினுக்கு மட்டும் நிதானம் தேவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். தாய்க்கு அந்தக் குறை இல்லாவிட்டாலும் குழந்தைக்கு இருக்கலாம். அதனால் குழந்தையின் ரத்தத்தையும் சோதிக்காமல் தொடங்கக்கூடாது.

பாலை நிறுத்தினால் என்ன ஆகும்?

திடீரென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். வலி, காய்ச்சல், சில நேரம் சீழ்க்கட்டி. ஒரு வாரம் புட்டியைப் பழகிய குழந்தை மறுபடி மார்பைப் பிடிக்க மறுக்கும். அதோடு, பவுடர் பால் கரைக்கத் தண்ணீர் வேண்டும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி அவசரநிலை அறிவித்ததை நம் யூனியன் பிரதேசத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தாய்க்கு அமீபாவைத் தந்தது எந்தத் தண்ணீரோ அதே தண்ணீரில் புட்டியைக் கழுவிப் பவுடரைக் கரைத்துக் கொடுக்கிறோம், குழந்தையைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு. குடற்புழுவோ அமீபாவோ பொதுவாகத் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை. அந்தத் தண்ணீரும், கழுவாத கையும் நகமும்தான் பெரும்பாலும் வழி. மலம் கழித்த பின்னும் பிள்ளையைத் தூக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை எந்த மாத்திரையும் ஈடு செய்யாது.

உண்மையாகவே பாலை நிறுத்த வேண்டிய மருந்து என்றால், எத்தனை மணி நேரம் என்று கேட்டு வாங்குங்கள். "கொஞ்ச நாள்" என்பது பதில் ஆகாது. பிள்ளை குடிக்கும் அதே இடைவெளியில் பீய்ச்சிக்கொண்டே இருந்தால் சுரப்பு குறையாது. அவசரமில்லாத மருந்தாக இருந்தால் முந்தைய நாட்களில் பீய்ச்சிச் சேமிக்கவும் நேரம் கிடைக்கும்.

பூச்சிக்கு வேப்பங்கொழுந்து அரைத்து அம்மா சாப்பிடுவது பலர் வீட்டு வழக்கம். மூன்று மாதப் பிள்ளையின் வாயில் அதை வைப்பதும், பால் கொடுப்பவள் பேதி மருந்து குடிப்பதும் வேண்டாம் என்று மாமியாரிடமும் பாட்டியிடமும் பணிவாகச் சொல்லிவிடலாம்.

மருந்து எடுக்கும் நாட்களில் குழந்தையைப் பாருங்கள்

பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால், அடுத்த வேளைக்குள் மருந்து ஓரளவு இறங்கியிருக்கும். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது குழந்தைக்கு மலம் இளகலாம், வாயில் தயிர்த்துளி போல வெள்ளை படியலாம், துணி கட்டும் இடத்தில் சிவக்கலாம். பால் கொஞ்சம் கசப்பதால் சில பிள்ளைகள் முகம் சுளிக்கும். இவை பெரும்பாலும் தானே சரியாகும், அல்லது எளிய மருந்தில் போகும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, உடம்பில் தடிப்பு, மூச்சு வேகம், கண்ணிலும் தோலிலும் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது ஆகியவை அப்படியல்ல. ராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-3024. யார் வேண்டுமானாலும் அழைத்துப் பதிவு செய்யலாம்.